ஒரு காற்சட்டையும் சில பன்மைகளும்

சென்ற மாதம் ஹட்டனுக்குப் போயிருந்தேன். உறவினர் ஒருவருடைய வீட்டில் இரண்டு நாள் தங்கல். அவருடைய பேத்தி பத்தாம் தரத்தில் படிக்கிறாள். மாலையில் ஆங்கில வினாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ‘மை ட்ரவுசர்ஸ் இஸ் புளூ’ என்று அவள் எழுதியிருந்ததை ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். ‘இஸ்’ பிழை, ‘ஆர்’ என்று வரவேண்டும்.

“தாத்தா, நான் சொல்றது ஒரு களிசானத்தானே? ஒண்ணுக்கு ஏன் ‘ஆர்’ போடணும்?”

“டீச்சர்கிட்ட கேட்கலையா?” என்றேன்.

“கேட்டேன். அது அப்படித்தான், பாடமாக்கு-ன்னு சொல்லிட்டாங்க.”

ஆசிரியரில் குற்றமில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு சொல்லின் பூர்வீகத்தையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அன்றிரவு அவளுக்குச் சொன்னதையும், சொல்ல வாய்க்காமல் என் மனத்தில் தங்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் சில உடைப் பெயர்களுக்கு ஒருமையே கிடையாது. ட்ரவுசர்ஸ், ஷோர்ட்ஸ், ஜீன்ஸ், பைஜாமாஸ், டைட்ஸ் எல்லாம் ஒன்றே ஒன்றானாலும் பன்மைதான். ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் ‘ஒரு சோடி’ என்று சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டும். உடையைப் பொதுவாகக் குறிக்கும் ‘க்ளோத்ஸ்’ என்ற சொல்லும் அப்படியே. அதில் ஈற்றெழுத்தை எடுத்துவிட்டால் உடுப்பு மறைந்து வெறும் துணிதான் மிஞ்சும்.

இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் ஒன்றுண்டு. மத்திய கால ஐரோப்பாவில் ஆண்கள் அணிந்த காலாடை இரண்டு தனித்தனி உறைகளாக இருந்தது. இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று. இரண்டையும் மேலாடையோடு நாடாவால் முடிந்துகொள்வார்கள். பின்னர் அவற்றைத் தையற்காரர்கள் ஒன்றாக இணைத்தார்கள். துணி ஒன்றாகிவிட்டது, சொல் இரண்டாகவே நின்றுவிட்டது என்பது அந்த விளக்கம். ‘ப்ரீச்சஸ்’ என்ற பழைய சொல்லில் இது இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் ‘ப்ரோக்’ என்ற ஒருமையும் ‘ப்ரேக்’ என்ற பன்மையும் இருந்தன. அந்தப் பன்மையை மக்கள் ஒருமையென்று எண்ணி, அதன் தலையில் இன்னொரு பன்மை விகுதியைப் போட்டார்கள். பன்மைக்குப் பன்மை!

விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் பாதிதான் சரி. ஏனென்றால் பைஜாமா என்ற சொல் இருக்கிறதே, அது நம் பக்கத்திலிருந்து போனது. பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால், ‘ஜாமா’ என்றால் ஆடை. காலாடை என்று பொருள்படும் அந்த ஒருமைச் சொல் இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாய்க்குப் போனதும் ‘பைஜாமாஸ்’ ஆகிவிட்டது. அது எந்தக் காலத்திலும் இரண்டு தனி உறைகளாக இருந்ததில்லை. இராஜஸ்தானத்து ஜோத்பூர் ஒரே ஒரு ஊர். அங்கிருந்து போன குதிரைச் சவாரிக் காற்சட்டை ஆங்கிலத்தில் ‘ஜோத்பர்ஸ்’ ஆயிற்று. ஓர் ஊரையே பன்மையாக்கிவிட்டார்கள்! இத்தாலியின் ஜெனோவா நகரின் பெயரிலிருந்து வந்ததுதான் ‘ஜீன்ஸ்’ என்பதும்.

ஆக, பழைய தையற்கடைக் கதை மட்டும் காரணமல்ல. இரண்டு சம பாகங்கள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் பொருளை அந்த மொழி இரண்டாகவே பார்க்கிறது. கத்தரிக்கோல், குறடு, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றுக்கும் ஆங்கிலத்தில் பன்மைதான். ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் புதிதாக வரும் சொற்களும் அதே தடத்தில் நடக்கின்றன. அந்தத் தடத்திலும் முழு ஒழுங்கு இல்லை. சட்டைக்கு இரண்டு கைகள் இருந்தும் ‘ஷேர்ட்’ ஒருமை. ‘ட்ரவுசர் பொக்கெட்’ என்று இன்னொரு சொல்லோடு சேர்த்துச் சொல்லும்போது காற்சட்டையின் பன்மையும் கழன்றுவிடுகிறது. பிரெஞ்சுக்காரருக்கும் ஒல்லாந்தருக்கும் காற்சட்டை ஒருமை, ரஷ்யருக்குப் பன்மை. கால்கள் எல்லோருக்கும் இரண்டுதான்.

நமக்கு எப்படி? காற்சட்டை ஒருமை. இலங்கைத் தமிழர் வாயில் களிசான் என்றும் கலுசான் என்றும் வழங்குவது போர்த்துக்கேயரின் ‘கல்சாவ்ங்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சிங்களவர்களின் ‘கலிசம’வும் அதே சொல்தான். சப்பாத்து, லேஞ்சி ஆகியனவும் அந்தக் கப்பலில் வந்திறங்கியவையே. எல்லாவற்றையும் நாம் ஒருமையாக வைத்துக்கொண்டோம். பிறகு ஆங்கிலேயர் வந்து ‘பேண்ட்ஸ்’ தந்தார்கள். அதையும் ஈற்றெழுத்தைக் கிள்ளிவிட்டு ‘ஒரு பேண்ட்’ ஆக்கிக்கொண்டோம். அவர்கள் நம்முடைய ஒருமையைப் பன்மையாக்கினார்கள். நாம் அவர்களுடைய பன்மையை ஒருமையாக்கினோம். கணக்குச் சரி.

தமிழ் இலக்கணத்தில் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்றொரு வகை உண்டு. ‘மாடு வந்தது’ என்றும் சொல்லலாம், ‘மாடு வந்தன’ என்றும் சொல்லலாம். பெயர் தன்னளவில் ஒருமையா பன்மையா என்று காட்டாது, வினைதான் காட்டும். பேச்சுத் தமிழில் அதுவும் பெரும்பாலும் இல்லை. இரண்டு கண்ணும் எரிந்தால்கூட ‘கண் எரியுது’ என்றுதான் சொல்கிறோம். சுருங்கச் சொன்னால், பொருள்களின் எண்ணிக்கையில் தமிழுக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

தமிழ் கணக்குப் பார்க்கும் இடம் வேறு. அது மனிதர்களிடம். ஒரே ஒரு மனிதரைப் பன்மையில் சொல்வதுதான் நமக்கு மரியாதை. ‘நீ’ நீங்கள் ஆகிறது, ‘வந்தான்’ வந்தார் ஆகிறது. அதற்கு மேல் ‘அவர்கள்’ என்றும் ஒன்று உண்டு. ஒருவரைப் பலராகச் சொல்லும் இந்த வழக்கத்தைத் தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் எடுத்துப் பேசுகிறார். இது உலக வழக்கில் உயர்த்திச் சொல்வதற்காக வந்தது, இலக்கண முறைப்படி அமைந்ததன்று என்பது அவர் கருத்து. ஆக, நம்முடைய மரியாதையும் ஆங்கிலேயரின் காற்சட்டையைப் போன்றதுதான். உள்ளே இருப்பது ஒன்று, சொல் பன்மை.

இவ்வளவையும் பேத்திக்குச் சொன்னேன். சிரித்துக்கொண்டே, “அப்ப இங்கிலீஷ்காரங்க களிசானுக்கு மரியாதை குடுக்கிறாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை ஐம்பது வருடங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில். அந்தக் காலத்தில் அங்கே காற்சட்டை என்றால் துரையும் சின்னத்துரையும்தான். காக்கி நிறத்தில் முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக் களிசான், முழங்கால்வரை ஏறிய நீண்ட காலுறை, சப்பாத்து. எங்கள் ஆண்களுக்கு வேட்டியோ சாரமோ, மழைக்குத் தலைமேல் ஒரு கம்பளி. பெண்களுக்குச் சேலையின் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்கு, முதுகில் கொழுந்துக் கூடை. அந்தக் கம்பளியைத் தோட்டமே கொடுக்கும். விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்.

துரை ஒருவர்தான். ஆனால் ‘துரை வர்றாங்க’ என்றுதான் எங்கள் லயத்தில் சொல்வார்கள். அவர் காதில் விழாத இடத்திலும் அப்படித்தான். திரும்பி அவர்கள் எங்களை எப்படி அழைத்தார்கள்? புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் கொழும்பில் பெர்குசன் நிறுவனத்தார் ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதன் பெயரே ‘இங்கே வா’. ‘வாருங்கள்’ அல்ல, ‘வா’. பெயரளவிலேயே அந்த நூல் கற்றுத்தந்த முதற் பாடம் ஓர் ஒருமை ஏவல். பின்னர் 1915-இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூலின் பெயர் ‘கூலித் தமிழ்’. எங்கள் மொழிக்கே கூலி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் பேசும்போது இந்த ஒருமைகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மொழியில் எண்ண முடியாத பெயர்கள் என்று ஒரு வகை உண்டு. தண்ணீர், அரிசி, மணல் போன்றவை. அவற்றுக்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. தோட்டத்து நிர்வாகப் பேச்சில் எங்களுக்கு இருந்த பெயர் ‘லேபர்’. அதுவும் அந்த வகைதான். ‘லேபர்’ போதவில்லை, ‘லேபர்’ மிதமிஞ்சிவிட்டது என்பார்கள். நெல்லை மூட்டையில் அளப்பது போல.

செக்ரோலில் மட்டும் தனித்தனியாக எங்களுக்குப் பெயர் இருந்தது. ஒருநாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. கொழுந்து குறைந்தாலோ, பெரட்டுக்குப் பிந்தி வந்தாலோ ‘அரைப் பேர்’. ‘இன்னைக்கு எனக்கு அரைப் பேருதான் போட்டாங்க’ என்று என் தாயார் ஈரக் கம்பளியை உதறிக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. துரையின் அரைக் களிசான் ஆங்கிலத்தில் பன்மை. என் முழுத் தாயார் தோட்டத்துக் கணக்கில் அரை.

1971-இல் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. முதற் சம்பளத்தில் புறக்கோட்டையில் ஒரு நீளக் காற்சட்டை வாங்கினேன். அதை அணிந்துகொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பங்களா வளைவுக்கு முன்னால் மாமா ஒருவர் என்னை மறித்தார். “இந்த வளைவு தாண்டுற வரைக்கும் சாரத்தக் கட்டிக்கடா. துரை பாத்தா ஒங்க அப்பாவுக்குத்தான் கரச்சல்” என்றார். தேயிலைச் செடிகளுக்கிடையில் நின்று மாற்றிக்கொண்டேன். சட்டத்தில் அப்படி ஒரு தடை இருக்கவில்லை. ஆனால் துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு, பாதையோரம் ஒதுங்கி நின்று பழகிய தலைமுறை அது. தடையை யாரும் எழுதிவைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

(உடுப்புக்கும் மலையகப் பத்திரிகைத் தொழிலுக்கும் இன்னொரு உறவும் உண்டு. கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலைமையை நேரில் அறிவதற்காகப் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே நுழைந்தவர். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலம். செய்தியாளருக்குத் திறக்காத கதவு துணி மூட்டைக்குத் திறந்தது.)

துரைமாரைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. என் பங்கையும் சொல்ல வேண்டும்.

பத்திரிகையில் சேர்ந்த சில வருடங்களில் நான் செய்திகளைச் செப்பனிடும் மேசைக்கு வந்துவிட்டேன். ஒருநாள் மலையகத்திலிருந்து இரண்டு மரணச் செய்திகள் வந்தன. ஒன்று, ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரி ஒருவருடையது. மற்றது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கிய பெண் ஒருவருடையது. முதலாவதற்கு ‘காலமானார்’ என்று தலைப்பிட்டேன். இரண்டாவதற்கு ‘தொழிலாளிப் பெண் பலியானாள்’ என்று போட்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாக எழுதியது. யாரும் திருத்தவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. அந்தப் பெண்மணியின் மகன் எழுதியிருந்தார். செய்தி வெளியிட்டதற்கு நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி: “எங்கள் அம்மாவை ‘பலியானார்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு ஓர் எழுத்துக்கூட அதிகம் செலவாகியிருக்காதே.”

எண்ணிப் பார்த்தேன். ‘ள்’ இருக்கும் இடத்தில் ‘ர்’. உண்மைதான், ஓர் எழுத்துக்கூட அதிகமில்லை. லயத்தில் பிறந்து, அரைப் பேர் வாங்கிய தாயின் கையால் சோறுண்டு வளர்ந்த நான்தான் அதை எழுதினேன். பங்களா வளைவைத் தாண்டியபின் சாரத்தை அவிழ்த்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் பேனா அவிழ்த்திருக்கவில்லை.

அந்த அட்டைக்குப் பிறகு என் மேசையைக் கடந்த செய்திகளில் ‘ர்’ போட முயன்றிருக்கிறேன். எல்லா நாளும் வென்றேன் என்று சொல்ல மாட்டேன். இன்றும் தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். அமைச்சர் ‘தெரிவித்தார்’, கைதானவன் ‘தெரிவித்தான்’. குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை, ஆனால் விகுதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேலதிகாரிக்கு ‘அவர்கள்’, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ‘அவள்’.

ஒரு மறுப்பு எழும் என்பது தெரியும். மரியாதைப் பன்மையே பழைய அதிகார முறையின் எச்சம்தானே, ஆங்கிலத்தில் மன்னருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே ‘ஹீ’ போதுமாயிருக்கிறதே, நாமும் எல்லோரையும் ஒருமையில் எழுதிவிட்டால் என்ன என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கொள்கையளவில் எனக்குத் தடையில்லை. அமைச்சரிலிருந்து தொடங்கினால் நானும் கையெழுத்திடுகிறேன். அதுவரைக்கும், ஒருவருக்குக் கொடுக்கும் ‘ர்’ எல்லோருக்கும் உரியது என்பதே என் கட்சி. வீட்டுப் பிள்ளையை ‘அவள்’ என்பது வேறு. அங்கே ஒருமையில் இருப்பது அன்பு. இந்தக் கட்டுரையிலும் பேத்தியை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். முன்பின் தெரியாத பெண்மணியின் மரணத்தில் அந்த ஒருமை வேறு பொருள் தரும்.

இதை வெறும் இலக்கணப் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். மனிதரை ஒவ்வொருவராகப் பார்க்காமல் தொகையாகப் பார்க்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை மலையகம் அறியும். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில் 975,000 பேர் ஒரே தொகையாக எடுக்கப்பட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு 1974-இல் பேசினார்கள். எப்படித் தீர்த்தார்கள்? 150,000-ஐ இரண்டால் வகுத்தார்கள். அங்கே 75,000, இங்கே 75,000. எந்த வீட்டில் யார் அங்கே, யார் இங்கே என்று கேட்கும் இடத்தில் கணக்கு இருக்கவில்லை. ஹட்டன் புகையிரத நிலையத்தில் மேடையின் ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தம்பியும் நின்று அழுததை ஒரு செய்தியாளனாக நான் பார்த்திருக்கிறேன். எஞ்சியிருந்த நாடற்றவர் நிலையை முடித்துவைக்க 2003 ஒக்டோபரில் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. 55 வருடங்கள்.

ஒரு பொருளை இரண்டாகப் பார்க்கும் மொழியால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டு சகோதரர்களை ஒரு தொகையாகப் பார்க்கும் ஆவணத்தால் ஒரு குடும்பம் பிரிந்தது.

இப்போது காலம் மாறியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் காற்சட்டை அணிகிறார்கள். பங்களா வளைவில் யாரும் மறிப்பதில்லை. பேத்தியின் சித்தி கொழும்புப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மலையகத்துப் பெண்கள் பலருக்கு இன்று அதுதான் வழி. அவர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் இடையில் சொன்னார்: “நாங்க தைக்கிறப்ப அது ரெண்டாத்தான் வரும் மாமா. முன்துண்டு ரெண்டு, பின்துண்டு ரெண்டு. காலத் தனித்தனியா மூட்டிட்டு, கடைசியாத்தான் நடுவுல சேப்போம். சேக்கிற வரைக்கும் அது களிசானே இல்ல.”

நான் அரை மணி நேரம் சொன்னதை அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்தக் காற்சட்டைகள் கப்பலேறி, ஆங்கிலம் பேசும் ஊர்களுக்குப் போய்ச் சேர்கின்றன. அவற்றை அணிபவர் அதைப் பன்மையில் சொல்வார். தைத்தவரை எப்படிச் சொல்வார் என்று கேட்டால், அநேகமாக அதே பழைய சொல்தான்: ‘லேபர்’.

பேத்திக்குக் கடைசியில் சொன்னது இதுதான்: பரீட்சையில் ‘ஆர்’ என்றே எழுது, புள்ளியை விட்டுவிடாதே. அது அவர்கள் மொழியின் வழக்கம். வழக்கத்தைக் கற்றுக்கொள்வதில் தாழ்வில்லை. ‘இஸ்’ என்று எழுதியது உன் அறிவுக் குறைவும் அல்ல. உன் தாய்மொழி ஒரு காற்சட்டையை ஒன்றாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் தமிழில் எழுதும்போது, முன்பின் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி எழுத நேர்ந்தால், விகுதி போடுவதற்கு முன்னால் ஒரு நொடி பேனாவை நிறுத்து.

அவள் தலையாட்டிவிட்டு, வினாத்தாளை மடித்து வைத்தாள். மறுநாள் காலை பேருந்துக்காக நிற்கும்போது, எதிர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பார்த்தோம். “இன்னைக்கு மழையிலயும் மலைக்குப் போயிட்டாங்க” என்றாள். அவள் அதைப் பலர் என்பதற்காகச் சொன்னாளா, மரியாதைக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. தமிழில் இரண்டுக்கும் அதே சொல்தான்.